கப்பல் வந்த அன்றைய பெரட்டு

லாரியின் முன்சக்கரம் முக்கால்வாசி உள்ளே போயிருந்தது. இன்னும் ஒரு சாண் இறங்கினால் வண்டியின் வயிறு சேற்றில் உட்கார்ந்துவிடும், அப்புறம் யார் வந்தாலும் எடுக்க முடியாது என்பது கொளஞ்சிக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பதினாலு வருஷம் தோட்டத்துப் புகைவீட்டு வாசலில் ரப்பர் ஷீட் கட்டுகளை லாரி லாரியாக ஏற்றி அனுப்பியவன் அவன். டயரைப் பார்த்தால் போதும், உள்ளே பாரம் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது, வழியில் படுக்குமா போய்ச் சேருமா என்று சொல்லிவிடுவான். பாரம் ஏற்றிய வண்டியின் டயர் தரையில் படுகிற இடத்தில் லேசாகப் பிதுங்கும், வயிறாரச் சாப்பிட்டு உட்கார்ந்தவன் மாதிரி. காலி வண்டி விறைப்பாக எட்டி நிற்கும். அதை நினைக்கக் கூடாது. தென்னமட்டையை நினை, தோளில் கிடக்கிற மட்டையின் விளிம்பு கழுத்தை அறுக்கிறதே, அதை நினை. மலாயாவின் மோரிப் கடற்கரை முழுக்க இப்படித்தான் வண்டிகள் மூக்கைக் குத்திக்கொண்டு கிடந்தன. பார்க்க மணல் மாதிரி இருக்கும், அது மேல்தோல்தான், கீழே இடுப்பளவு சேறு. நண்டுக்குப் போகிற தோட்டத்துச் சனங்கள் பலகை போட்டுத்தான் நடப்பார்கள். அதை அவர்களிடம் கேட்க வேண்டும் என்று இத்தனை கப்பலில் வந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. விடிந்ததிலிருந்து வெள்ளைக்காரன் படை இறங்கிக்கொண்டே இருந்தது. கடல் தெரியாமல் கப்பல். வாயைப் பிளந்து வண்டிகளைத் துப்பிவிட்டுப் பின்வாங்குகிற படகுகள். ஜப்பான்காரன் சரணடைந்து மூன்றரை வாரம் ஆகிறது, சுட ஆள் இல்லை, சுடப்பட ஆள் இல்லை, ஆனாலும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். இறங்கிய இடத்திலேயே புதைந்தார்கள். தோட்டத்து ஆண் பெண் எல்லாரையும் மட்டை வெட்டிச் சுமந்துவந்து சக்கரத்துக்கு அடியில் போடச் சொல்லியிருந்தார்கள். மட்டை சுமக்கிற பெண்கள் வரிசையில் மூன்றாவதாக அவன் தங்கை பச்சையம்மா வந்துகொண்டிருந்தாள். மற்றவர்கள் சாக்கையும் கிழிசலையும் சுற்றியிருக்க அவள் மட்டும் அரக்குச் சேலை கட்டியிருந்தாள். ரெண்டு வருஷமாக டிரங்குப் பெட்டியில் இருந்த சேலை. ஊரே துணிக்குப் பறந்தபோதும் அதை அவள் எடுக்கவில்லை, ரெண்டு மரவள்ளிக் கிழங்குக்குக் கூட மாற்றவில்லை. அவர் வர்ற அன்னிக்குக் கட்டறதுக்கு என்று சொன்னாள். அலை அப்போது வெகு தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடாகக் கிடந்தது. அந்தத் தண்ணீர் ஏறிவந்து இந்தச் சக்கரத்தைத் தொடுவதற்குள் அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று கொளஞ்சி வைத்துக்கொண்டான். மத்தியானம் சாய்கிறவரை நேரம் இருக்கிறது. நேரம் இருக்கிறது என்று நினைத்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது, மூச்சு வந்ததற்காக வெட்கப்பட்டான்.

சொல்ல வேண்டியது ஒன்றா ரெண்டா என்பதிலேயே தினமும் சிக்கிக்கொள்வான். முதல் விஷயம், அவள் புருஷன் கலியன் இனி வரமாட்டான். கலியனைப் போலவே ஜப்பான்காரன் ரயில் பாதை போடக் கொண்டுபோன பக்கத்துத் தோட்டத்து அரியமுத்து, சயாமிலிருந்து திரும்பி வந்து எட்டு நாள் ஆகிறது. வந்தது அரியமுத்து என்று அவன் பெண்டாட்டியே கண்டுபிடிக்க அரைநாள் பிடித்ததாம். கொளஞ்சி போனபோது கயிற்றுக்கட்டிலில் ஒரு துணி மடித்து வைத்த மாதிரி கிடந்தான், காலில் வாழைச்சருகு கட்டிய புண். "ஒங்க மச்சான் என் கூடாரந்தான்" என்றான். "பேதியில போனாரு. ராத்திரி பேசிக்கிட்டிருந்தாரு, விடியறப்ப இல்ல. குழியில தூக்கிப் போட்டவங்கள்ல நானும் ஒருத்தன். மூங்கில் காட்டுக்குப் பக்கத்துல." கேட்காமலே அரியமுத்து சொன்னான். "ஒங்களப் பத்தித்தான் சொல்லிக்கிட்டே இருப்பாரு. அன்னிக்கி எனக்காக என் மச்சான் குரல் குடுத்தான், என் வீட்டுக்கு அரிசி கெடைக்கட்டும்னு குடுத்தான், அது இப்படி ஆயிடுச்சு, பாவம் மனசு ஒடிஞ்சு கெடப்பான், நான் திரும்பிப் போயி ஒன்னுமில்லடான்னு சொல்லணும்னு சொல்வாரு." சொல்லிவிட்டு அரியமுத்து தண்ணீர் கேட்டான். கொளஞ்சி மொண்டு கொடுத்தான். ஒன்னுமில்லடா. அந்த வார்த்தை எட்டு நாளாகக் காதுக்குள் கலியனின் மூக்குக் குரலில் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் வைதிருந்தால் தாங்கிக்கொள்ளலாம். செத்துப்போனவன் மன்னிக்கிறான், அதுவும் நடக்காத ஒன்றுக்கு மன்னிக்கிறான். நடந்தது அவனுக்குத் தெரியாது. நடந்தது என்ன? அதுதான் ரெண்டாவது விஷயம். அதைச் சொல்ல வேண்டுமா, முதலாவது மட்டும் போதுமா? போதும் என்று ஒரு தரம் தோன்றும். பேதி, மூங்கில் காடு, குழி, இதைச் சொன்னால் அவள் அழுவாள், அழுது எழுந்திருப்பாள். சொல்கிறபோது அவள் அவன் முகத்தைப் பார்ப்பாளே, பார்த்து அண்ணே நீ எதுக்கு இப்படி நடுங்குற என்று கேட்பாளே.

"இன்னாண்ணே, வண்டிய மொறச்சிப் பாத்துனு நிக்கிற? மொறச்சா ஏறி வந்துடுமா?" என்றான் பக்கத்தில் நின்ற பட்டாளத்துக்காரன். மதராஸ் பட்டாளம், வேலூர்ப் பக்கம், தனகோடி என்று பேர் சொன்னான். முழங்கால் வரை சேறு, ஆனாலும் சிரித்த முகம். "காத்த எறக்கணும் தம்பி. டயர்ல பாதிக் காத்த எறக்கிட்டா அது சேத்துல பரவி நிக்கும், முழுசா உள்ள போகாது" என்றான் கொளஞ்சி. "அட, இத காலைலயே சொல்றதுக்கு இன்னா? நாப்பது வண்டி உள்ள போனப்பறம் சொல்ற." நாற்பது. எதற்காக நாற்பது என்றான்? நாற்பது இல்லை, அறுபதுக்கு மேல் இருக்கும். ஜனங்கள் நிறைய என்பதற்கு நாற்பது என்று சொல்வதுதான். "யாரும் கேக்கலியே தம்பி." "கேக்காம வாயத் தொறக்கற பழக்கம் உனுக்கு இல்ல போல" என்று சொல்லிவிட்டுத் தனகோடி குனிந்து டயரின் காற்றைப் பிடுங்கிவிட்டான். காற்று சீறிக்கொண்டு போனது. கொளஞ்சிக்கு அந்தச் சீறல் நெஞ்சுக்குள் கேட்டது. "எங்க சனம் ரெண்டு வருசமா ஒங்க கப்பலத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருந்திச்சு" என்றான், ஏதாவது பேச வேண்டும் என்று. "நாங்க கப்பல் ஏறங்காட்டியும் சண்ட முடிஞ்சிபோச்சுண்ணே. ரெண்டே குண்டு. ஆனா எல்லா ஏற்பாடும் பண்ணியாச்சு, எறங்கியே ஆவணும்னுட்டாங்க. ஒன்னு நெனச்சிப் பாரு. அந்தத் தோப்புல ஜப்பான்காரன் மிசின் துப்பாக்கியோட குந்தினு இருந்தான்னு வெச்சிக்கோ. இந்தச் சேத்துல நாங்க இப்டிக் கால மாட்டிக்கினு." தனகோடி முடிக்கவில்லை. தோப்பைப் பார்த்தான், பிறகு தன் கூட்டாளிகளைப் பார்த்தான். சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்தை விட்டுப் போய்த் திரும்பி வந்தது. "எங்கம்மா வேண்டிக்கினது" என்றான். கொளஞ்சி தலையாட்டினான். இவன் அம்மா வேண்டிக்கொண்டாள், சண்டை முடிந்த பிறகு கப்பல் வந்தது, இவன் பிழைத்தான். பச்சையம்மாவும் வேண்டிக்கொண்டாள். கப்பல் சீக்கிரம் வரட்டும் என்று வேண்டினாள். ரெண்டு வருஷம் முந்தி வந்திருந்தால் இந்தச் சேற்றில் இவன் செத்திருப்பான், கலியன் இருந்திருப்பான். இது என்ன தராசு, யார் கையில் இருக்கிறது? "சயாமுக்குப் போனவங்க எல்லாம் திரும்பி வருவாங்களா தம்பி?" என்று கேட்டுவிட்டான், பதில் தெரிந்தும். தனகோடி மட்டையைச் சக்கரத்துக்கு அடியில் செருகிக்கொண்டே, "வர்றவங்க வருவாங்கண்ணே" என்றான்.

பெரட்டுக்களத்தில் காலையில் கணக்கு எழுதுகிற கிராணி பேர் வாசிப்பதும் வந்தவர்கள் இருக்கேங்கையா என்று சொல்வதும் தோட்டத்தில் நாள் தொடங்குகிற விதம். மூன்று முறை கூப்பிட்டும் குரல் வரவில்லை என்றால் அன்றைக்குப் பேர் இல்லை. தொடர்ந்து இல்லையென்றால் லயத்து வரிசைவீட்டில் அறை இல்லை. அதனால் காய்ச்சலில் கிடப்பவனுக்கும், கள்ளில் கிடப்பவனுக்கும், பெண்டாட்டிக்கு வலி எடுத்தவனுக்கும் பக்கத்து அறைக்காரன் குரல் கொடுப்பான். யாரும் அதைப் பொய் என்று நினைத்ததில்லை. கிராணி வைத்திலிங்கத்துக்கும் தெரியும், தலை நிமிராமல் புள்ளி வைத்துக்கொண்டு போவார். மூணாம் லயம் ஏழாம் நம்பர் கலியன், எட்டாம் நம்பர் கொளஞ்சி. ஒருவனுக்கு ஒருவன் குரல் கொடுத்துக் கொடுத்து இருவருக்கும் அது ஒரு விளையாட்டாகவே ஆகியிருந்தது. கொளஞ்சி மூக்கால் பேசினால் கலியன். கலியன் தொண்டையை ரெண்டு தரம் கனைத்துவிட்டுப் பேசினால் கொளஞ்சி. சாயங்காலம் வீட்டில் கலியன் அந்தக் கனைப்பைச் செய்து காட்டுவான், பச்சையம்மா வாயில் சேலையை வைத்துக்கொண்டு சிரிப்பாள், பிறகு அவளும் செய்து காட்டுவாள், அவள் செய்வது இன்னும் அச்சாக இருக்கும். அன்றைக்கும் கலியன் காய்ச்சலில் கிடந்தான். ஜப்பான்காரன் அரிசி கொடுக்கப்போகிறான், இந்தத் தோட்டத்துக்கு நாற்பது பேருக்கு, பெரட்டில் குரல் கொடுக்கிறவர்களுக்குத்தான் என்று முந்தின நாளே சேதி. கிராணிக்குப் பக்கத்தில் ஒரு ஜப்பான் சிப்பாய் ஒரு கையில் ரப்பர் பால் பிடிக்கிற மங்குக் கிண்ணமும் மறு கையில் ரப்பர் விதைகளுமாக நின்றான். ஒவ்வொரு குரலுக்கும் ஒரு விதை மங்குக்குள் விழும். டக். முதலில் கைநிறைய இருந்தது. டக், டக். அரிசி, அரிசி என்று சனம் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு குரல் கொடுத்தது. ஜப்பான்காரன் பேச்சை நம்பாமல் காட்டுக்குள் போய்விட்டவர்கள் பேருக்கு மட்டும் சத்தம் இல்லை. மூணாம் லயம் வருகிறபோது கொளஞ்சி புகைவீட்டுப் பக்கம் பார்த்தான். தார்ப்பாய் போட்ட ரெண்டு லாரி. பழக்கம், டயரைப் பார்த்தான். விறைப்பாக எட்டி நின்றன. அரிசி கொண்டுவந்த லாரி இல்லை அவை. கொண்டுபோக வந்த லாரி. அது அவனுக்குத் தெரிந்ததா? தெரிந்தது. எப்போது தெரிந்தது? நினைப்பு இங்கேதான் வந்து நிற்கும், ரெண்டு வருஷமாக இங்கேயே வந்து நின்றது. டயரைப் பார்த்தது கலியன் பேரைக் கூப்பிட்டதற்கு முன்னாலா பின்னாலா? முன்னால்தான். ஆனால் பார்த்தது வேறு, புரிந்தது வேறு இல்லையா? கண் பார்த்துவிடும், மண்டைக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆகும். அப்படியென்றால் சிப்பாயின் கையைப் பார்த்தது? உள்ளங்கையில் ஒரே ஒரு விதை இருந்ததைப் பார்த்தது? பழுப்பில் கறுப்புத் தேமல் விழுந்த ஒரு விதை. கிராணி, ஏழு, கலியன் என்றார். ஒரு விதை. அடுத்த பேர் தன் பேர். கலியனுக்கு யாரும் குரல் கொடுக்காவிட்டால் அந்த விதை யாருக்கு? இவ்வளவையும் ஒரு மனிதன் ஒரு மூச்சு நேரத்தில் நினைக்க முடியுமா? முடியாது. நினைக்கவில்லை. மூக்கால் குரல் வந்தது, இருக்கேங்கையா. டக். எட்டு, கொளஞ்சி. தொண்டையைக் கனைத்தான், இருக்கேங்கையா என்றான். சிப்பாய் வெறும் கையை விரித்துக் காட்டிக் கிராணியின் தோளில் தட்டினான், போதும். சங்கிலி போட்டுக் களத்து வாசலை மூடி, விதை விழுந்த நாற்பது பேரையும் லாரியில் ஏற்றினார்கள். ஏழாம் நம்பரில் போர்வையோடு கிடந்தவனை இரண்டு பேர் தூக்கிவந்தார்கள். கலியன் போகிறபோது கொளஞ்சியைப் பார்த்துக் கையைக் காட்டினான், தங்கச்சியப் பாத்துக்க என்கிற மாதிரி. கொளஞ்சி ஓடிப்போய், அய்யா குரல் கொடுத்தது நான், நான்தான் வரவேண்டியது என்று சொல்லவில்லை. கால் வரவில்லை. இந்தச் சேறு மாதிரிதான் இருந்தது அன்றைக்குப் பெரட்டுக்களமும், காய்ந்த கெட்டித் தரையில்.

தண்ணீர் அதற்குள் எங்கே வந்துவிட்டது என்று பார்த்தான். படகுகள் நின்ற இடத்தைத் தாண்டியிருந்தது. மௌனமாக, ஒரு வேலையாள் மாதிரி, ஒவ்வொரு குழியாக நிரப்பிக்கொண்டு வந்தது. பச்சையம்மா மட்டையைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். நெற்றியில் வேர்வையும் குங்குமமும் கலந்து ஒழுகியது. "அண்ணே, இதுல எந்தக் கப்பல்ல சயாம்காரங்க வருவாங்க?" என்றாள். "இது இந்தியாவுலேர்ந்து வர்ற கப்பலு." "அப்ப அது பின்னால வருமா?" இப்போது சொல். தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது, சொல். கப்பல் வந்தால் மச்சான் வந்துவிடுவான் என்று இவளிடம் சொன்னது யார்? முதல் மாசம் அழுதழுது தலையைச் சுவரில் மோதினாளே என்று நீதானே சொன்னாய்? அப்போது கப்பல் என்பது வராத ஒன்று, அதனால் எதை வேண்டுமானாலும் அதன் தலையில் ஏற்றிவைக்கலாம். வந்து நிற்கிறது. கடல் தெரியாமல் வந்து நிற்கிறது. "பச்ச" என்றான். "ம்?" "கப்பல்ல வரமாட்டாங்க." குரல் அங்கே நின்றுவிட்டது. அவள் அவனையே பார்த்தாள். பிறகு அவள் முகம் மலர்ந்தது. "ஆமாண்ணே, என் புத்திய பாரு. ரயிலுல வருவாங்க. அவங்க போட்ட ரயிலாச்சே, அதுலயே ஏறிக் குந்திக்கிட்டு வந்துருவாங்க" என்று சொல்லிச் சிரித்தாள். ரெண்டு வருஷத்துக்குப் பிறகு அவள் பல் தெரிந்தது. பக்கத்தில் வந்த கிழவி ஒருத்தி, "பகல்லயே பட்டுக் கட்டிக்கிட்டு மாப்புள்ளைக்குக் காத்திருக்கா பாரு" என்று இடித்துவிட்டுப் போனாள். பச்சையம்மா அதற்கும் சிரித்தாள். கொளஞ்சியும் சிரித்தான், சிரித்ததை அவன் வாயே அவனுக்குச் சொன்னது. சரி, இன்னும் தண்ணீர் சக்கரத்துக்கு வரவில்லை. இன்னும் இருபது அடி இருக்கிறது. இருபது அடி நிறைய தூரம்.

மட்டை, பலகை, கம்பிவலை எல்லாம் போட்டு முப்பது பேர் முதுகைக் கொடுத்துத் தள்ளினார்கள். தனகோடி ஏலேலோ போட்டான், சனம் பின்பாட்டுப் போட்டது. வண்டி ஒரு தரம் உறுமி மேலே எழும்பியது, எல்லாரும் ஓ என்றார்கள், பிறகு பக்கவாட்டில் சாய்ந்து முன்னைவிட ஆழமாக உட்கார்ந்துகொண்டது. "விடுங்கப்பா, கடல்காரி கேக்கறா, குடுத்துட்டுப் போவலாம்" என்றான் தனகோடி. சரியாக அந்த நேரத்தில் மேட்டிலிருந்து மணி அடித்தது. தென்னமரத்தடியில் ஒரு பிஸ்கட் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுக் கிராணி வைத்திலிங்கம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அரிசி மூட்டைகள், நிஜமான மூட்டைகள், ஓட்டை வழியாக வெள்ளையாக அரிசி தெரிந்தது. அவர் மடியில் பழைய பெரட்டுப் புத்தகம். ஜப்பான்காரன் வந்த அன்றே மண்ணெண்ணெய் டின்னுக்குள் வைத்துப் புதைத்து, போன வாரம் தோண்டியெடுத்தது. "பேர் வாசிப்பன், குரல் தந்த ஆக்களுக்கு அரிசி" என்றார் தம் யாழ்ப்பாணத் தமிழில், யார் முகத்தையும் பார்க்காமல். கூட்டம் நகரவில்லை. பின்னாலிருந்து ஒருவன், "இந்தத் தடவ எந்த ஊருக்கு ரயிலு போடணுமாம்?" என்றான். ஒரு சிரிப்பு எழும்பிப் பாதியில் செத்தது. வைத்திலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். முதல் லயத்திலிருந்து தொடங்கினார். அது பழைய புத்தகம், போனவர்கள் பேரெல்லாம் அப்படியே இருந்தது. அதை அவர் யோசிக்கவில்லையா, யோசித்துத்தான் எடுத்துவந்தாரா தெரியவில்லை. இருக்கேங்கையா, இருக்கேங்கையா, பிறகு ஒரு பேருக்குச் சத்தம் இல்லை. மூன்று முறை கூப்பிட்டார். தென்னோலை அசைவது கேட்டது. ஒரு கோடு இழுத்தார். காகிதத்தில் பேனா இழுபடுகிற சத்தம் விதை விழுகிற சத்தத்தைவிடப் பெரிதாகக் கேட்டது. மறுபடி ரெண்டு குரல், மறுபடி ஒரு மௌனம், கோடு. கூட்டத்தில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒருத்தி உட்கார்ந்தாள். கொளஞ்சி எண்ணவில்லை, எண்ணக்கூடாது என்று நகத்தால் உள்ளங்கையைக் குத்திக்கொண்டிருந்தான், ஆனால் எண்ணிக்கை அவனைக் கேட்காமலே ஏறியது. கப்பல் கொண்டுவந்த சேதி இதுதான், இந்தக் கோடுகள்தான். ரெண்டாம் லயம் முடிந்தது. பச்சையம்மா அவனுக்கு ரெண்டு ஆள் முன்னால் நின்றாள், அரக்குச் சேலையின் தலைப்பு சேற்றில் நனைந்து கனத்துத் தொங்கியது. இப்போது போய் அவள் தோளைத் தொட்டால் போதும். தொட்டால் அவளே புரிந்துகொள்வாள், சொல்லக்கூட வேண்டாம். ரெண்டு ஆள். மூணாம் லயம். ஒன்று. ரெண்டு. அவன் திரும்பிக் கடலைப் பார்த்தான். லாரியின் சக்கரம் தெரியவில்லை. தண்ணீர் கதவுக் கைப்பிடிக்கு வந்திருந்தது. எப்போது வந்தது?

"ஏழு, கலியன்." அவள் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். குரல் குடுண்ணே, வழக்கமாக நீதானே குடுப்ப என்று அந்தக் கண் சொன்னது. "கலியன்." மூக்கு, அந்த மூக்குக் குரல் இதோ தொண்டைக்கு மேலே நிற்கிறது, விட்டால் வந்துவிடும். அது வந்தால் அவன் ரெண்டாம் தரம் அனுப்பிவைத்தவன் ஆவான். வராவிட்டால் கோடு விழும், அவள் உட்கார்ந்துவிடுவாள். இல்லிங்க, அவன் இல்லிங்க என்று சொல்லலாம். அது மூன்றாவது வழி, ஒரே வழி. வாயைத் திறந்தான். பச்சையம்மா அவன் திறந்த வாயைப் பார்த்தாள், நடுங்குகிற தாடையைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது. அவள் முகத்திலிருந்து ஏதோ ஒன்று இறங்கிப் போனது, டயரிலிருந்து காற்று போகிற மாதிரி, ஆனால் சத்தமில்லாமல். முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். "கலியன்" என்றார் கிராணி மூன்றாவது முறையாக, பேனா காகிதத்தில் இறங்கியது. "இருக்காருங்கையா" என்றாள் பச்சையம்மா. யாரும் சிரிக்கவில்லை. வைத்திலிங்கம் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார், பிறகு குனிந்து புள்ளி வைத்தார்.

"எட்டு, கொளஞ்சி." அவன் பேர்தான். அவனுக்கு அது தெரிந்தது. "கொளஞ்சி." கனைக்க வேண்டும், ரெண்டு தரம் கனைத்துவிட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எல்லாரும் அவன் நிற்பதைப் பார்க்கிறார்கள், கிராணியும் பார்க்கிறார், ஆனாலும் குரல் வராத ஆளுக்குப் புள்ளி வைக்கிற வழக்கம் இல்லை. "கொளஞ்சி." முன்னாலிருந்து யாரோ தொண்டையை ரெண்டு தரம் கனைத்தார்கள், அச்சாக அவனைப் போலவே. "இருக்கேங்கையா" என்றது அவனுடைய குரல். அரக்குச் சேலை கட்டியவள் திரும்பிப் பார்க்கவில்லை. கிராணி புள்ளி வைத்துவிட்டு ஒன்பதாம் நம்பருக்குப் போனார்.